வலி அடங்கினால் புண் ஆறிவிட்டதா? குடல் அழற்சி நோயில் சாப்பாட்டின் இடம்

குடல் அழற்சி நோய் என்று தெரிந்த அன்றே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது? பதிலாக ஒரு தாள் கிடைக்கும். இடப்பக்கம் சேர்க்க வேண்டியவை, வலப்பக்கம் தவிர்க்க வேண்டியவை. வலப்பக்கம்தான் எப்போதும் நீளம். அந்தத் தாளை எழுதியவர் யாருடைய குடலை மனத்தில் வைத்து எழுதினார் என்பது மட்டும் அதில் இருக்காது.

இந்த ஒரு பெயருக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. அல்சரேடிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, பெருங்குடலில் இடைவெளி விடாமல் மேலேறும்; குடலின் உள்தோலைத்தான் புண்ணாக்கும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும், குடற்சுவரின் முழுத் தடிமனிலும் இறங்கும். குடல் சுருக்கம், பவுத்திரம், சீழ்க்கட்டி ஆகியவை பெரும்பாலும் கிரோனில் வருவது அதனால்தான். 1932இல் பர்ரில் கிரோன், லியான் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் விவரித்தது சிறுகுடலின் கடைசிப் பகுதியான ஐலியத்தின் அழற்சியை. இன்றும் அந்த நோய் அதிகம் தங்கும் இடம் அதுதான். சாப்பிட்டதில் பெரும்பாலான சத்தை உறிஞ்சுவது சிறுகுடல். பெருங்குடல் முக்கியமாக நீரையும் உப்பையும் மீட்டுத் தருகிறது. நோய் எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் உணவு சொல்வது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்காமலே தரையைத் துடைப்பது போலத்தான்.

இடம் தெரிந்த பிறகும் ஒரு குழப்பம் மிச்சம் இருக்கிறது. உப்புசம், வயிற்றுப் பிசைவு, அடிக்கடி வெளிக்குப் போவது போன்ற தொந்தரவுகள் வேறு. குடற்சுவரில் எரியும் அழற்சி வேறு. இரண்டும் சேர்ந்தே வரலாம், தனித்தனியாகவும் வரலாம். புண் முழுக்க ஆறிய பிறகும் வயிற்றுத் தொந்தரவு விடாமல் இருப்பவர்கள் பலர். ஒரு தொந்தரவும் தெரியாமலே உள்ளே புண் பரவிக்கொண்டிருப்பவர்களும், முக்கியமாகக் கிரோனில், இருக்கிறார்கள். ஒரு உணவுமுறை உப்புசத்தைக் குறைத்தால் அது நோயைக் குறைத்ததாக ஆகிவிடாது.

இதற்கு நல்ல உதாரணம் ஃபோட்மேப் குறைத்த உணவு. ஃபோட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும் சில சர்க்கரைகளின் கூட்டுப்பெயர். கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் இருக்கும் ஃப்ரக்டான், பாலில் லாக்டோஸ், பயறு வகைகளில் காலக்டான், தேனில் மிகுதியாக இருக்கும் ஃப்ரக்டோஸ், காளானில் மானிட்டால் எல்லாம் இதில் அடக்கம். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், அழற்சி அடங்கியும் வயிற்றுத் தொந்தரவு விடாத 52 பேரை இரண்டாகப் பிரித்து 4 வாரம் பார்த்தார்கள். ஃபோட்மேப் குறைத்தவர்களில் 52 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மற்றவர்களில் 16 சதவீதம். அழற்சியைக் காட்டும் அளவீடுகளில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் நடந்தது: குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் குறைந்தன. அதனால்தான் இந்த உணவுமுறையின் முதல் கட்டம் 4 முதல் 6 வாரத்தைத் தாண்டக்கூடாது. வெங்காயத்தை நிறுத்தியதும் வயிறு லேசாகிவிட்டது என்று அதையே வருடக்கணக்கில் தொடர்வது, பாதி வைத்தியத்தில் நின்றுவிடுவது.

அழற்சி நிஜமாகக் குறைகிறதா என்று பார்க்க மலத்தில் கால்புரோடெக்டின் சோதனை இருக்கிறது. பொதுவாக ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 250ஐத் தாண்டினால் உள்ளே அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். இடைப்பட்டதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த உணவுமுறையையும் தொடங்கும் முன் ஒரு முறை, 6 முதல் 12 வாரம் கழித்து ஒரு முறை, முடிந்தால் ஒரே ஆய்வகத்தில் எடுப்பது நல்லது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த எண்ணை ஏற்றிவிடும். அவற்றைப் போட்டுக்கொண்டு சோதித்துவிட்டு உணவின் மேல் பழி போடக்கூடாது.

சரி, அழற்சியையே இறக்கும் உணவு உண்டா? ஒன்று உண்டு, சந்தேகமில்லாமல். ஆனால் அது சாப்பாடே இல்லை. முழு திரவ ஊட்டம் என்பார்கள்: 6 முதல் 8 வாரத்துக்கு வழக்கமான உணவை முற்றிலும் நிறுத்திவிட்டு, எல்லாச் சத்தும் அடங்கிய மருத்துவ ஊட்டபானம் மட்டுமே குடிப்பது. உடன் வெறும் தண்ணீர். கிரோன் உள்ள குழந்தைகளுக்கு, நோயைத் தணிக்கும் முதல் சிகிச்சையாக ஸ்டீராய்டுக்கு முன்பாகவே இதைப் பரிந்துரைக்கிறார்கள். 2006இல் 37 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், 10 வார முடிவில் தொந்தரவு அடங்கியவர்களின் விகிதம் ஊட்டபானத்திலும் ஸ்டீராய்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எண்டோஸ்கோப்பி மூலம் குடலுக்குள் எட்டிப் பார்த்தபோது, புண் ஆறியிருந்தது ஊட்டபானம் குடித்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு. ஸ்டீராய்டில் 33 சதவீதம் பேருக்கு. வளரும் குழந்தைக்கு ஸ்டீராய்டு உயரத்தைத் தடுக்கும், இது எடையையும் ஏற்றித் தரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் தேர்வு எளிது.

அளவைக் கணக்கிடுவது கடினமில்லை. பெரியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 35 கிலோகலோரி. 60 கிலோ உள்ளவருக்கு 1800 முதல் 2100. மில்லிலிட்டருக்கு 1 கிலோகலோரி உள்ள பானம் என்றால் ஏறக்குறைய 2 லிட்டர், 1.5 உள்ளது என்றால் 1.2 முதல் 1.4 லிட்டர். முதல் நாளே முழு அளவையும் குடித்தால் குமட்டும், பேதியாகும். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி 3, 4 நாளில் முழு அளவுக்கு ஏற்றலாம். நாளுக்கு 6 முதல் 8 வேளையாகப் பிரித்து, நன்றாகக் குளிரவைத்து, உறிஞ்சு குழல் போட்டு மெதுவாகக் குடித்தால் வாசனையும் இனிப்பும் அவ்வளவு திகட்டாது. குடிக்கவே முடியாத குழந்தைக்கு மூக்கு வழியாகக் குழாய் போடுவார்கள்.

இங்கே இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. ஒன்று, நெடுநாள் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துபோனவருக்கு ஒரேயடியாக முழு ஊட்டம் கொடுப்பது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சட்டென்று சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். அப்படிப்பட்டவருக்கு அளவை இன்னும் மெதுவாக ஏற்றி, ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே போக வேண்டும். வீட்டில் தானாகத் தொடங்கக்கூடாது. இரண்டாவது, "பாவம், ஒரு வேளை மட்டும் சாப்பிடட்டுமே" என்று இளகுவது. 2006இலேயே இதையும் சோதித்திருக்கிறார்கள்: பாதி பானம், பாதி விருப்பமான உணவு என்று எடுத்த குழந்தைகளில் 15 சதவீதம் பேருக்குத்தான் நோய் தணிந்தது, முழுதும் பானம் எடுத்தவர்களில் 42 சதவீதம். பானத்தில் இருப்பதைப் போலவே, தட்டில் இல்லாமல் போவதும் வேலை செய்கிறது என்று இதிலிருந்து புரிகிறது. இரண்டு வாரம் ஆகியும் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் பிடிவாதம் பிடிக்காமல் மருத்துவர் வேறு சிகிச்சைக்கு மாற வேண்டும். நன்றாகப் போனால், கடைசியில் 2, 3 நாளுக்கு ஒரு முறை பானத்தின் ஒரு பங்கைக் குறைத்து உணவைக் கூட்டி, ஓரிரு வாரத்தில் பழைய நிலைக்கு வரலாம்.

பெரியவர்களிடம் இது குறைவாகவே வெல்கிறது. பெரும்பாலான தோல்வி தொடர முடியாமல் நிறுத்துவதில்தான். ஆனாலும் அறுவைச் சிகிச்சைக்கு முன் சில வாரம் எடுத்து உடம்பைத் தேற்றிக்கொள்ள நல்ல வழி. அல்சரேடிவ் கொலைட்டிஸில் இது அழற்சியை இறக்குவதில்லை.

அந்த "தட்டில் இல்லாமல் போவது" என்ற யோசனையிலிருந்து பிறந்ததுதான் கிரோன் விலக்கு உணவுமுறை. இஸ்ரேலைச் சேர்ந்த ஆரி லெவினின் குழு உருவாக்கியது. முதல் 6 வாரம் தேவையான கலோரியில் பாதி ஊட்டபானம், மீதி குறிப்பிட்ட உணவுகள். அடுத்த 6 வாரம் பானம் கால் பங்காகக் குறையும். முதல் கட்டத்தில் நாள்தோறும் கட்டாயமாக இருக்க வேண்டியவை: தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி 150 முதல் 200 கிராம், 2 முட்டை, தோல் சீவி வேகவைத்து ஆறவைத்த 2 உருளைக்கிழங்கு, 2 வாழைப்பழம், தோல் சீவிய 1 ஆப்பிள். உருளைக்கிழங்கை ஆறவைப்பது வெறும் சடங்கு இல்லை. ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. பால் பொருட்கள், கோதுமை, பதப்படுத்திய இறைச்சி, மது, காபி, பொட்டல உணவு எல்லாம் வெளியே. 2019இல் வந்த ஆய்வில் 12ஆம் வாரம் ஸ்டீராய்டு இல்லாமலே தணிவில் இருந்தவர்கள் இம்முறையில் சுமார் 76 சதவீதம். முழு பானத்தில் தொடங்கி 6 வாரத்துக்குப் பின் வழக்கமான உணவுக்குத் திரும்பிய குழுவில் 45 சதவீதம். அவர்கள் எல்லோருமே லேசான, நடுத்தர நோய் உள்ள குழந்தைகள். பவுத்திரமும் சீழும் உள்ள ஒருவர் இந்த எண்ணைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் அது பெரிய ஆபத்து.

மற்ற பிரபல முறைகள் இந்த உயரத்தைத் தொடவில்லை. தானியம், பெரும்பாலான பால், சர்க்கரை எல்லாவற்றையும் விலக்கும் "குறித்த மாவுச்சத்து உணவுமுறை"க்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. 2021இல் 194 பேரை வைத்து, அதை எளிதான மத்தியதரைக்கடல் உணவுமுறையோடு ஒப்பிட்டார்கள். 6ஆம் வாரம் தொந்தரவு அடங்கியவர்கள் முறையே 46.5 சதவீதம், 43.5 சதவீதம். அதாவது, அத்தனை கெடுபிடிக்கும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. காய், பழம், மீன், ஆலிவ் எண்ணெய், பயறு என்று சாப்பிட்டவர்களே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாளுக்கு 4 கிராம் ஒமேகா 3 மாத்திரை கிரோன் திரும்ப வருவதைத் தடுக்கவில்லை என்று 2008இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. சிவப்பு இறைச்சியைக் குறைப்பதும் கிரோன் மீண்டும் கிளம்புவதைத் தள்ளிப்போடவில்லை.

கொலைட்டிஸுக்கு இவ்வளவு உறுதியான ஆய்வுகள் இல்லை. இருப்பதைச் சொல்லிவிடலாம். 191 நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்த 2004 ஆய்வில், சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் மதுவும் அதிகம் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்புவது கூடுதலாக இருந்தது. மேலே சொன்னது கிரோன், இது கொலைட்டிஸ். ஒரே பொருளுக்கு இரண்டு பதில் வருவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மெசலமின் மருந்தோடு, மஞ்சளில் இருக்கும் குர்குமினை நாளுக்கு 3 கிராம் சேர்த்த சிறிய ஆய்வில் ஒரு மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் தணிந்தது, போலி மாத்திரை எடுத்த 24 பேரில் ஒருவருக்கும் இல்லை. மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்து. உறிஞ்சுதலைக் கூட்டிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருப்பதால், மருத்துவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம். அழற்சி மலக்குடலோடு நிற்பவர்களில் சிலருக்கு ரத்தமும் சளியும் அடிக்கடி வரும், மேலே மலம் இறுகிக் கிடக்கும். அவர்கள் பேதி என்று நினைத்து நார்ச்சத்தை நிறுத்துவது நிலைமையை மோசமாக்கும். இசப்கோல் போன்ற கரையும் நார் அங்கே உதவும்.

"வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறேன்" என்று பட்டினி கிடப்பதால் கொலைட்டிஸ் ஆறுவதில்லை. கடுமையான கொலைட்டிஸோடு மருத்துவமனையில் படுத்திருப்பவர்களுக்கே உணவை நிறுத்தி நரம்பு வழியாக ஊட்டம் ஏற்றிப் பார்த்தார்கள். சாப்பிட்டவர்களைவிட அவர்கள் நன்றாகத் தேறவில்லை. நோய் தீவிரமாக இருக்கும்போது உடம்பு புரதத்தை இழக்கிறது. அப்போது எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். தணிந்த காலத்தில் 1 கிராம் போதும். 60 கிலோ உள்ளவருக்கு, தீவிரமான காலத்தில், 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், சோற்றையும் கஞ்சியையும் மட்டும் குடித்துக்கொண்டு அந்த அளவை எட்டவே முடியாது என்பது தெரியும்.

தொழிற்சாலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. 21 நாடுகளில் 1,16,087 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2021இல் வந்தது. மிகையாகப் பதப்படுத்திய உணவை நாளுக்கு 5 முறையோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு, ஒரு முறைக்கும் குறைவாக எடுத்தவர்களைவிடக் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பு 1.82 மடங்கு. சந்தேகம் விழுவது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்க்கும் கூழ்மமாக்கிகள் மேல்: பொட்டலத்தில் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் அல்லது 466, பாலிசார்பேட் 80 அல்லது 433 என்று இருக்கும். எலிகளில் இவை குடலின் சளிப் படலத்தை மெலிதாக்கிப் பாக்டீரியாக்களைச் சுவரை நெருங்க விடுகின்றன. ஐஸ்கிரீம், பொட்டல ரொட்டி, சாஸ் வகைகள் ஆகியவற்றின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது. இது எனக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் நியாயமான முன்னெச்சரிக்கையாகப் படுகிறது. யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை.

நார்ச்சத்தைப் பற்றித்தான் அதிகத் தவறான அறிவுரை உலவுகிறது. எல்லோருக்கும் நார் ஆகாது என்பது பழைய பழக்கம். சுருக்கம் இல்லாதவருக்கு, தணிந்த காலத்தில், நாரை விலக்க ஒரு காரணமும் இல்லை. குடல் சுருங்கியவர் விஷயம் வேறு. அங்கே பிரச்சினை நாரின் கிராம் கணக்கைவிட அதன் உருவம். சக்கை, தோல், விதை, நரம்பு, கெட்டியாக உருளும் துண்டு ஆகியவைதான் குறுகிய இடத்தில் போய் அடைக்கும். ஆரஞ்சுச் சுளையின் தோல், சோளமணி, முழுக் கொட்டைகள், காளான், தேங்காய்த் துண்டு, உலர்பழம், பச்சைக் காய்த் துண்டுகள் வழக்கமான குற்றவாளிகள். அதே கேரட்டைத் தோல் சீவிக் குழைய வேகவைத்து மசித்தால் பெரும்பாலும் போய்விடும். தக்காளியை வடிகட்டினால் போகும். கொட்டையை மைய அரைத்தால் போகும். கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் அலை அலையாகச் சுருட்டிப் பிடிக்கும் வலி வந்தால் அது சுருக்கத்தின் அறிகுறி, எம்.ஆர்.ஐ. போன்ற படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வயிறு வீங்கி, வாந்தியும் வந்து, காற்றும் மலமும் நின்றுவிட்டால் உணவை மாற்றிப் பார்க்க நேரமில்லை, உடனே மருத்துவமனை.

ஐலியத்தை வெட்டி எடுத்தவர்களுக்குக் கணக்கே மாறிவிடும். பி12 உறிஞ்சப்படுவது அங்கு மட்டும். 20 செ.மீ.க்கு மேல் போனால் குறைபாடு வரும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் ஒன்றிரண்டு ஆண்டு எதுவும் தெரியாது, பிறகு கால் மரத்துப்போகும்போது தாமதமாகிவிடும். பித்த அமிலமும் அங்கேதான் மீட்கப்படுகிறது. அது பெருங்குடலுக்குள் கொட்டினால் நீராகப் பேதியாகும். இதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து உணவைக் குறைப்பவர்கள் ஏராளம். கொலஸ்டிரமின் போன்ற மருந்தில் அடங்கிவிடும். அதிக நீளம் போனால் கொழுப்பும் செரிக்காது. செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்சலேட் தனியாக விடப்பட்டுப் பெருங்குடல் வழியாக ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகும். இவர்கள் கால்சியத்தைக் குறைக்கக்கூடாது, சாப்பாட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். ஆக்சலேட் மிகுந்த பசலைக்கீரை, பாதாம், கொக்கோவைத்தான் குறைக்க வேண்டும்.

ஐலியோஸ்டமி, அதாவது சிறுகுடலின் முனையை வயிற்றில் திறந்து பை மாட்டும் அறுவை, செய்து பையில் அதிகம் வெளியேறுபவருக்குத் தாகம் எடுக்கும், வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பார், இன்னும் வறண்டுபோவார். உப்பில்லாத நீர் சிறுகுடலின் மேற்பகுதிக்குள் போனால் ரத்தத்திலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு பைக்குள் போய்விடும். ஒரு லிட்டர் நீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் கலந்து, குளிரவைத்து, நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிப்பது சரி. வெறும் நீர், காபி, பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள் நிறுத்த வேண்டும். சர்க்கரை கூடினாலும் பை நிரம்பும், அதனால் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது.

இரும்புச்சத்து இன்னொரு பொறி. அழற்சி இல்லாதபோது, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும் என்பதால் 100 வரை இருந்தாலும் குறைபாடு இருக்கலாம். நோய் அடங்கி, ரத்தசோகை லேசாக இருந்தால் மாத்திரை போதும். நாளுக்கு 100 மி.கி. இரும்புக்கு மேல் கொடுப்பதில் லாபமில்லை, வயிறுதான் கெடும். நோய் தீவிரமாக இருந்தாலோ ஹீமோகுளோபின் 10க்குக் கீழ் இருந்தாலோ நரம்பு வழியாக ஏற்றுவதே முறை. அந்த நேரத்தில் கீரையும் பேரீச்சையும் தின்று தேற்றுகிறேன் என்பது காலத்தை வீணாக்குவது. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு ஃபோலிக் அமிலம் தனியாக வேண்டும், அதை மெத்தோட்ரெக்சேட் எடுத்த அதே நாளில் போடாமல் ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போடுவது வழக்கம். ஸ்டீராய்டில் இருப்பவர் கால்சியத்தையும் வைட்டமின் டியையும் மறக்கக்கூடாது.

பாலைப் பார்த்தவுடன் நிறுத்திவிடுபவர்கள் அந்தக் கால்சியத்தை எங்கிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று யோசிப்பதில்லை. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட பெரும்பாலும் ஒரு கோப்பைப் பாலில் இருக்கும் 12 கிராமைச் சாப்பாட்டோடு தாங்குவார்கள்; தயிர் இன்னும் எளிது. கோதுமையும் அப்படித்தான். அதை நிறுத்துவதற்கு முன், கோதுமையின் குளூட்டன் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தச் சோதனையை எடுத்துவிட வேண்டும், நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு நம்பத்தக்கதாக இருக்காது. நூறு உணவுக்கு ஐஜிஜி எதிர்ப்பொருள் பார்த்துத் தரும் சோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்; அந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் நீங்கள் அந்த உணவை அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் காட்டும்.

ஒரு உணவு ஒத்துவருகிறதா என்று அறிய இதைவிட மலிவான வழி, நோய் அடங்கியிருக்கும் காலத்தில் ஒன்றை மட்டும் எடுத்துச் சோதிப்பது. இரண்டு வாரம் சாப்பிட்டதையும் நேரத்தையும் வலியையும் மலத்தையும் எழுதி வையுங்கள். சந்தேகப்படும் ஒன்றை 2 முதல் 4 வாரம் நிறுத்துங்கள். மாற்றமில்லையென்றால் அது குற்றவாளி இல்லை, திரும்பச் சேர்த்துவிடுங்கள். மாற்றம் தெரிந்தால், முதல் நாள் கால் பங்கு, அடுத்த நாள் பாதி, மூன்றாம் நாள் வழக்கமான அளவு என்று திரும்ப எடுத்துப் பாருங்கள். தொந்தரவு வந்தால் அளவைக் குறித்துக்கொண்டு, வயிறு பழையபடி ஆகும்வரை 2, 3 நாள் விட்டு அடுத்ததற்குப் போங்கள். பெரும்பாலும் தெரியவருவது "இது ஆகாது" என்பதில்லை, "இவ்வளவுக்கு மேல் ஆகாது" என்பதுதான். மருந்து மாற்றிய மாதத்திலும் ஆன்டிபயாடிக் எடுக்கும் வாரத்திலும் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டாம். எது எதனால் நடந்தது என்று பிரிக்க முடியாது. இடையில் 6 மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, குழந்தையின் உயரக் கோடு தட்டையானாலோ, விலக்குவதை அங்கேயே நிறுத்திவிட்டு உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும்.